குழந்தை, குடும்ப உளவழிச் சிகிச்சை ஆய்வமர்வு: சேலத்திலோ ஏற்காட்டிலோ நடத்தப் போகிறவர்களுக்கு

பல கருத்தரங்குகளில் அமர்வு உருவாகும் விதம் இதுதான்: வந்து சேர்ந்த ஆய்வுச் சுருக்கங்களில் ‘குழந்தை’ என்ற சொல் வருவதையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி, மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த நேரத்தில் போட்டுவிடுவார்கள். ஆட்டிசம் பற்றி ஒருவர், தேர்வு பயம் பற்றி ஒருவர், மாமியார் மருமகள் சண்டை பற்றி ஒருவர். மூவரும் பேசி முடித்ததும் நெறியாளர் நன்றி சொல்வார், கூட்டம் தேநீருக்குப் போகும். அதற்குப் பெயர் அமர்வு இல்லை. மூன்று கட்டுரையும் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆகவே ஆட்களைத் தேடுவதற்கு முன் கேள்வியைப் பிடியுங்கள்.

கேள்வியைப் பிடிப்பது

‘குழந்தைகள் மனநலம்: இன்றைய சவால்கள்’ என்பது பேனருக்கு நன்றாக இருக்கும், அமர்வுக்கு உதவாது. யாரும் அதற்கு மாற்றுக் கருத்து சொல்ல முடியாது. மாறாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்: சிகிச்சைக்குப் பிறகு பிள்ளை தேறியிருக்கிறதா என்று யாரைக் கேட்பது? அம்மாவையா, வகுப்பாசிரியரையா, பிள்ளையையா? 1987இல் அக்கன்பாக், மெக்கானகி, ஹவல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 119 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அப்பாவும் அம்மாவும் போல ஒரே இடத்திலிருந்து பார்ப்பவர்களின் மதிப்பீடுகளுக்கிடையே ஒட்டுறவுக் கெழு (இரண்டு மதிப்பீடும் முழுக்க ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லை என்றால் 0) சராசரியாக 0.60 இருந்தது. பெற்றோர், ஆசிரியர் போல வெவ்வேறு இடத்திலிருந்து பார்ப்பவர்களிடையே 0.28. பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்னதற்கும் மற்றவர்கள் சொன்னதற்கும் வெறும் 0.22. அதாவது, யாரிடம் படிவத்தைக் கொடுத்தோம் என்பதைப் பொறுத்தே முடிவு மாறிவிடலாம்.

இந்தக் கேள்வி கையில் இருந்தால் கட்டுரைகள் தாமாகவே வரிசைக்கு வரும். பள்ளியில் குழுவாக நடத்திய சிகிச்சையை ஆசிரியர் மதிப்பீட்டால் அளந்தது ஒன்று. அப்பா, அம்மா இருவரையும் அறைக்கு வரவழைத்து நடத்திய குடும்ப சிகிச்சை இரண்டாவது. பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் நேர்காணல் எடுத்து, எண்ணால் அளக்காமல் அவர்கள் சொன்னதை அலசிய பண்புசார் ஆய்வு மூன்றாவது. மூவரும் ஒரே விஷயத்தை வேறு வேறு வாசல் வழியாகப் பார்த்திருப்பார்கள். விவாதம் தானே கிளம்பும்.

ஆட்களும் நேரமும்

90 நிமிட அமர்வுக்கு 3 கட்டுரை. நான்காவது ஆளைச் சேர்க்கச் சொல்லி நிச்சயம் யாராவது சிபாரிசு பிடிப்பார்கள், மசியாதீர்கள். கணக்கு இதுதான்: அறிமுகம் 5 நிமிடம், கட்டுரைக்கு 15 வீதம் 45, ஆள் மாறுவதற்கும் ஸ்லைடு திறப்பதற்கும் 5, மூன்று கட்டுரையையும் சேர்த்து அலசிப் பேசும் கருத்துரையாளருக்கு 10, மீதி 25 கேள்வி பதிலுக்கு. நாலாவது கட்டுரை வந்தால் அந்த 25இலிருந்துதான் 15 போகும். கேள்வி நேரம் 10 நிமிடமாகச் சுருங்கிய அமர்வில் முன்வரிசைப் பேராசிரியர் ஒருவர் மட்டுமே பேசிவிட்டு உட்காருவார்.

ஒரே துறையிலிருந்து மூவரையும் எடுக்காதீர்கள். வழிகாட்டியும் அவருடைய இரண்டு ஆய்வு மாணவர்களும் மேடையில் இருந்தால் ஒருவரை ஒருவர் மறுக்க மாட்டார்கள். ஒருவராவது தினமும் குடும்பங்களைப் பார்க்கிற சிகிச்சையாளராக இருக்கட்டும். கருத்துரையாளர் எந்தக் கட்டுரையிலும் கூட்டாசிரியராக இருக்கக் கூடாது. முழு வரைவும் 2 வாரம் முன்பே அவர் கைக்குப் போக வேண்டும். மேடையில் ஏறிய பிறகு முதல் முறையாகக் கேட்கிறவர் ‘மூன்றும் அருமை’ என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்?

காலத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள். 6 மாதம் முன்பு கேள்வியும் ஆட்களும். 4 மாதம் முன்பு சுருக்கம், ஒவ்வொன்றும் 250 முதல் 300 சொல். 3 வாரம் முன்பு ஸ்லைடு. வருகிற சிகிச்சையாளர்களுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (அவர்களில் பலரைப் பதிவு செய்யும் அமைப்பு) தொடர்கல்விப் புள்ளி வேண்டுமானால் அதற்கான ஒப்புதலை நிகழ்ச்சிக்கு முன்பே வாங்கியாக வேண்டும். அதை 6 மாதக் கட்டத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

சுருக்கத்தை எப்படிப் படிப்பது

பெரும்பாலான கோளாறு இங்கேதான். ‘67 சதவீதம் பேருக்கு முன்னேற்றம்’ என்று ஒரு சுருக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தொடங்கியது எத்தனை குடும்பம் என்று கேளுங்கள். 30 குடும்பம் தொடங்கி, 12 பாதியில் நின்று, மிச்சமிருந்த 18இல் 12 தேறியிருந்தால் அது 67 சதவீதம்தான். ஆனால் 30இல் 12 என்றால் 40. குடும்ப சிகிச்சையில் பாதியில் நிற்பவர்கள் பெரும்பாலும் நிலைமை மோசமானவர்கள், அல்லது அப்பாவுக்கு விடுப்பு கிடைக்காதவர்கள். அவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது நல்ல சேதி மட்டுமே. எத்தனை பேர் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று ஒரு வரியாவது இல்லாத சுருக்கத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்தது ஒப்பீட்டுக் குழு. பிப்ரவரியில் பிளஸ் டூ மாணவர்களின் பதற்றத்தை அளந்து, சிகிச்சை கொடுத்து, ஜூனில் மறுபடி அளந்தால் பதற்றம் குறைந்துதான் இருக்கும். பொதுத்தேர்வு முடிந்துவிட்டதே! தேர்வு இல்லாத மாதங்களில் செய்திருக்க வேண்டும், அல்லது சிகிச்சை பெறாத இன்னொரு குழுவை அதே இரண்டு தேதிகளில் அளந்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. பிள்ளையின் நிலைமை உச்சத்தில் இருக்கும்போதுதான் பெற்றோர் கூட்டி வருவார்கள். உச்சத்தில் அளந்தால் அடுத்த அளவு எப்படியும் சற்றுக் கீழே இறங்கும், நாம் எதுவும் செய்யாவிட்டாலும்.

எண்ணிக்கை குடும்பமா பிள்ளைகளா என்றும் பாருங்கள். 20 வீட்டிலிருந்து 34 பிள்ளைகள் என்றால், உடன்பிறந்தவர்களின் மதிப்பெண்கள் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும். 34 தனித்தனி ஆட்கள் போலப் பகுப்பாய்வு செய்தால் முடிவுக்கு உண்மையில் இல்லாத பலம் இருப்பதுபோலத் தெரியும். பிள்ளைகளின் நடத்தை, உணர்வுச் சிக்கல்களை அளக்கும் எஸ்டிக்யூ வினாப்படிவத்தைப் பயன்படுத்தியிருந்தால் எந்தப் பதிப்பு என்று எழுதச் சொல்லுங்கள். கேள்வி 25தான், ஆனால் பெற்றோர் நிரப்புவது வேறு, ஆசிரியர் நிரப்புவது வேறு, 11 வயதிலிருந்து பிள்ளையே நிரப்புவது வேறு. சிகிச்சை கொடுத்தவரே மதிப்பெண்ணும் போட்டாரா, எத்தனை அமர்வு, நெறிமுறைக் குழு ஒப்புதல் எண் என்ன, சிகிச்சைச் சோதனை என்றால் சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் பதிவு உண்டா என்பதெல்லாம் படிவத்திலேயே கட்டாயக் கட்டங்களாக இருக்கட்டும்.

பிள்ளையின் அடையாளம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகளின்படி பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் இசைவும் வேண்டும்: 7 முதல் 12 வயதுக்கு வாய்மொழியாக, 12 முதல் 18 வரை எழுத்தில். சிகிச்சைக்குக் கொடுத்த ஒப்புதல் மேடையில் பேசுவதற்குச் செல்லாது. ஆய்வுக்குக் கொடுத்ததும் வீடியோவைத் திரையிடுவதற்குச் செல்லாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கையெழுத்து. பிள்ளையின் முகமும் குரலும் வரும் வீடியோவை அமர்வில் அனுமதிக்க வேண்டாம் என்பதே எங்கள் நிலைப்பாடு. முகத்தை மங்கலாக்கினாலும் சொந்தக்காரர்களுக்குக் குரல் போதும். உரையாடலை எழுத்தாக்கி, இருவரை விட்டு வாசிக்கச் சொன்னால் வேலை நடக்கும்.

பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் இந்த வட்டாரத்தில் ஆபத்து. ‘சேலத்துக்கு அருகே, கொலுசுப் பட்டறை நடத்தும் குடும்பம், இரட்டைப் பெண் பிள்ளைகள், மூத்தவள் பேசுவதை நிறுத்திவிட்டாள்’ என்று ஒரு ஸ்லைடு போட்டால், கொண்டலாம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஆசிரியை ஒருவர் அரங்கில் இருந்தாலே போதும், வீட்டு வாசல் வரை போய்விடுவார். பட்டறையை ‘குடும்பத் தொழில்’ ஆக்குங்கள். இரட்டையர் என்பது ஆய்வுக்குத் தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள். ஊர், சாதி, பள்ளி, உடன்பிறந்தோர் எண்ணிக்கை, சம்பவம் நடந்த ஆண்டு ஆகிய ஐந்தில் எது விவாதத்துக்குத் தேவையோ அது மட்டும் நிற்கட்டும். பிறகு இந்த வட்டாரத்தைத் தெரிந்த, ஆனால் அந்தக் குடும்பத்தோடு தொடர்பில்லாத ஒருவரிடம் ஸ்லைடைக் காட்டுங்கள். ‘அவங்க வீடா?’ என்று இழுத்தால் மறுபடி எழுத வேண்டும்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் தொடர்பான வழக்கு என்றால் பேச்சே வேறு. அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ஊடகச் செய்தியில் வெளியிடக் கூடாதவற்றை வரிசையாகச் சொல்கிறது: பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம், அடையாளம் தெரியவைக்கும் வேறு எதுவும். உங்கள் நிகழ்ச்சிக்கு நிருபர் வருவார், யாராவது யூடியூபில் நேரலை போடுவார்கள். ஆகவே அந்தப் பட்டியலையே ஸ்லைடு சரிபார்க்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தைப் பற்றிய ஸ்லைடு வரும்போது நேரலையை நிறுத்தும் பொறுப்பு ஒருவருக்கு, ஒருவருக்கு மட்டும். இருவரிடம் கொடுத்தால் இருவருமே மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள்.

சேலமா, ஏற்காடா, எப்போது

சேலத்தில் வைத்தால் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோவில் வந்துவிடலாம். சென்னை, கோவை இரண்டு பக்கமிருந்தும் ரயில் வசதி உண்டு. ஏற்காட்டில் வைத்தால் ஆட்கள் நடுவில் நழுவ மாட்டார்கள், அதுதான் அதன் பெரிய பலம். விலை என்னவென்றால் 20 கொண்டை ஊசி வளைவு. வேனில் ஏறி வந்தவரை நேராக மேடைக்கு அனுப்பாதீர்கள். சிலருக்குக் குமட்டும், சிலருக்குக் காது அடைக்கும். பேச்சாளர்கள் முந்தின நாள் மாலைக்குள் மேலே வந்துவிடட்டும். பார்வையாளர்களுக்கு முதல் அமர்வை 10.30க்கு வையுங்கள். காலை 9 மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டால் பாதி நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.

மே வேண்டவே வேண்டாம். கோடை விழா, மலர்க் கண்காட்சி, அறை வாடகை உச்சம், மலைப்பாதையில் நெரிசல். நெரிசலைச் சமாளிக்க வண்டிகளை மாற்றுப் பாதையான குப்பனூர் வழியாக இறக்கிவிடுவதும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, மூடுபனி. மரமோ மண்ணோ சரிந்தால் பாதை அடைபடும். பிப்ரவரி, மார்ச்சில் பள்ளி ஆலோசகர்களும் ஆசிரியர்களும் தேர்வு வேலையில் இருப்பார்கள். பொங்கல் முடிந்து ஜனவரிக் கடைசி நல்ல நேரம், ஸ்வெட்டர் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள். சேலத்திலேயே என்றால் ஆடியும் நல்லதுதான். முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் எளிதில் கிடைக்கும். கோட்டை மாரியம்மன் திருவிழா நாள்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஏற்காட்டு விடுதி அரங்கைப் பார்க்கப் போனால், அமர்வு நடக்கப் போகும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். பள்ளத்தாக்கைப் பார்த்த கண்ணாடிச் சுவர் அழகுதான். ஆனால் காலை 11 மணி வெயிலில் புரொஜக்டர் படம் வெளுத்துப் போகும், வரைபடத்தில் கோடே தெரியாது. கனமான திரைச்சீலை இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இழுத்து மூடிப் பாருங்கள். ஜெனரேட்டர் இருக்கிறது என்பார்கள். அது விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டுமா, மேடைப் பிளக்குக்கும் சேர்த்தா? மெயினை அணைக்கச் சொல்லிச் சோதியுங்கள். ஜெனரேட்டர் பிடிக்கிற வரை புரொஜக்டரைத் தாங்க ஒரு யூபிஎஸ். கம்பியில்லா மைக் இரண்டு, கம்பி மைக் ஒன்று, மாற்று பேட்டரி ஒரு செட்.

ஸ்லைடுகள் எல்லாம் ஒரே லேப்டாப்பில் முந்தின இரவே ஏறிவிட வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். யூனிகோடில் தரச் சொல்லுங்கள், கூடவே பிடிஎஃப் ஒன்றும் வாங்கி வையுங்கள். தேநீருக்குத் தட்டுவடை செட் கொடுங்கள், சேலத்துக்கு வந்தவர்கள் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அரங்கத்துக்குள் விடாதீர்கள். கொறிக்கும் சத்தம் ஒரு பக்கம், பீட்ரூட் துருவல் கறை படிந்த கம்பளத்துக்கு விடுதிக்காரர் போடும் பில் இன்னொரு பக்கம்.

அன்றைய நாள்

பேச்சாளர்களின் பட்டம், பதவி, விருதுகளை நெறியாளர் வாசிக்க வேண்டாம், அது அச்சிட்ட தாளில் இருக்கிறது. கேள்வியைச் சொல்லி, ஒவ்வொரு கட்டுரையும் அதை எந்தப் பக்கமிருந்து தொடுகிறது என்று ஆளுக்கு ஒரு வாக்கியம். மீதி நிமிடம் 5, 2, 0 என்று எழுதிய அட்டைகளை முன்வரிசையில் ஒருவர் பிடிக்கட்டும். 0 காட்டிய பிறகும் நிற்காதவர் பக்கத்தில் நெறியாளர் எழுந்து போய் நின்றால் போதும், வாய் திறக்க வேண்டியதே இல்லை.

கேள்வி நேரத்தில் இரண்டு விஷயம் கட்டாயம் நடக்கும். ஒன்று, ‘என் பையனும் இப்படித்தான்’ என்று தொடங்கும் பெற்றோர். வெட்டிவிடவும் கூடாது, மேடையிலிருந்து ஆலோசனை சொல்லவும் கூடாது. ‘அமர்வு முடிந்ததும் தனியாகப் பேசலாம், இவர் உங்களைச் சந்திப்பார்’ என்று ஆளைக் காட்டுங்கள். அந்த ஆளை முன்பே நியமித்து, தனி அறையும் ஒதுக்கியிருக்க வேண்டும். பிள்ளைக்குப் பாலியல் தொல்லை என்று அங்கே தெரியவந்தால், போக்சோ 19ஆம் பிரிவுப்படி போலீசுக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. குழந்தைகள் உதவி எண்ணான 1098உம் அவர் கையில் இருக்கட்டும். இரண்டு, கேள்வி கேட்காமல் சொற்பொழிவு ஆற்றுபவர். துண்டுச்சீட்டில் எழுதி வாங்கினால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். கூச்சப்படுகிற முதுகலை மாணவிகளின் கேள்வியும் மேலே வரும்.

முடிந்ததும் கூட்டம் தேநீருக்கு நகரும், லேப்டாப் திறந்தபடி கிடக்கும். ஸ்லைடு கோப்புகளை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, பென்டிரைவ்களை உரியவரிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு அரங்கைப் பூட்டச் சொல்லுங்கள். பதிவு இருந்தால், குடும்ப விவரம் வரும் பகுதியை வெட்டிய பிரதியைப் பேச்சாளருக்கு அனுப்பி, அவர் எழுத்தில் சரி என்ற பிறகே வெளியே விடுங்கள்.