கடன் நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பக்திப் புத்தகம்

பொறையாற்றில் உரக்கடை வைத்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வெயில் தாழும்வரை கடைக்கு ஆள் வராது. நான் படிப்பது அப்போதுதான். சபைப் பிள்ளைகள் "என்ன புத்தகம் வாங்கலாம் அண்ணே?" என்று கேட்கும்போது சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

கடையில் புத்தகத்தை நடுவில் எங்காவது திறந்து, அங்கே காட்டியிருக்கும் வசனத்தை வேதாகமத்தில் எடுங்கள். முன்னும் பின்னும் பத்து வசனம் படித்தால் ஆசிரியர் சொல்வது அதோடு ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும். 'ஒரே வாரத்தில் ஆசீர்வாதம்' வகையெல்லாம் இதிலேயே விழுந்துவிடும். 1715-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த தரங்கம்பாடி எங்களுக்குப் பக்கத்தில்தான். இந்த ஊர்க்காரன் வேதாகமத்தைத் திறக்காமல் பக்திப் புத்தகம் படித்தால் சிரிப்பார்கள்.

முதல் புத்தகத்துக்கு நான் கைகாட்டுவது ஜான் பனியனின் மோட்சப் பிரயாணம். கதை என்பதால் அலுக்காது. 1678-ல் வந்த முதல் பாகத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். 1684-ல் வந்த இரண்டாம் பாகத்தில் கதைநாயகனின் மனைவியும் பிள்ளைகளும் அவன் போன அதே வழியில் புறப்படுகிறார்கள். வீட்டில் சத்தமாக வாசிக்க அதுதான் தோது.

அப்புறம், படிக்கும் விதம். மன்னிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மத்தேயு 18-க்கு வருவார்கள். அங்கே இயேசு சொல்லும் கதையில், ஒரு வேலைக்காரனின் பதினாயிரம் தாலந்துக் கடனை ராஜா விட்டுவிடுகிறார். விடுபட்டவனோ, தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையை நெரிக்கிறான். அந்த நூறு வெள்ளிப்பணத்தைச் சில்லறை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் புத்தகங்கள் உண்டு. நீங்கள் நகராதீர்கள், 20-ஆம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். திராட்சத்தோட்டத்தில் நாள் கூலி ஒரு பணம். அப்படியென்றால் இது நூறு நாள் கூலி. சில்லறையா என்று நடவுக்குப் போகிற ஆளைக் கேட்டுப்பாருங்கள். இயேசு விடச் சொன்னது கையைக் கடிக்கிற பணத்தை.

இந்தப் பகுதியைப் படிக்கையில் என் கடன் நோட்டும் மேசையில்தான் கிடக்கும். யூரியாவும் டிஏபியும் பற்று எழுதிய பெயர்கள். சம்பா மழையில் சாய்ந்து போனவர் யார், கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுப் பணம் வந்தும் கடைப்பக்கம் தலைகாட்டாதவர் யார் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் ஒரே பதில் கிடையாது. முன்னவர் கணக்கில் கோடு போட்டுவிடுவேன். பின்னவரிடம் கேட்பேன், ஆனால் டீக்கடையில் நாலு பேர் முன்னால் கேட்கமாட்டேன்.

நீங்களும் ஒவ்வொரு அதிகாரம் முடிந்ததும் ஒரு பெயர் எழுதுங்கள். மாமியார், பங்காளி, தண்ணீர் முறையில் சண்டை போட்ட பக்கத்து வயல்காரர், யாராகவும் இருக்கலாம். அவருக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்யவேண்டிய ஒன்றையும் எழுதுங்கள். 'அன்பாக இருப்பேன்' என்பது செல்லாது. 'இந்த முறை மடையை அவருக்கு முதலில் திறந்துவிடுவேன்' என்று இருக்கவேண்டும். அதைச் செய்யும்வரை அடுத்த அதிகாரம் வேண்டாம். இப்படிப் படித்தால் ஒரு புத்தகம் வருஷம் முழுக்க இழுக்கும், இழுக்கட்டும்.

புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, வேதபாடத்தன்று போதகரிடம் கேளுங்கள். நல்ல வரியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது படித்த கணக்கில் சேராது.

அந்தப் பெயர்களைப் புத்தகத்திலேயே எழுதாமல் துண்டுத்தாளில் எழுதிச் செருகுங்கள். இரவல் கொடுக்குமுன் மறக்காமல் உருவிவிடுங்கள், ஊர் சின்னது.