ஆன்லைன் வகுப்பில் மாணவர்களை யோசிக்க வைப்பது எப்படி? ஒரு காலரா பாடத்தை வைத்துச் செய்முறை

ஆன்லைன் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டதும் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். சாட்டில் ஒரு மாணவி பதில் போடுவார். அரை நிமிடத்துக்குள் அதே பதில், எழுத்துகூட மாறாமல், வரிசையாக வந்து விழும். எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று நாமும் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவோம். உண்மையில் யோசித்தவர் ஒரே ஒருவர்தான்.

இதை மாற்ற ஒரு விதி போதும். மற்றவர் பதிலைப் பார்க்கும் முன் ஒவ்வொருவரும் தன் பதிலைக் காரணத்தோடு எழுத வேண்டும். புதுத் தகவல் வந்ததும் தன் பதிலைத் தானே திருத்த வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முதல் கல்லூரி வரை எடுக்கக்கூடிய ஒரு பாடத்தை வைத்து இதை நடத்திப் பார்ப்போம்.

படி 1: தேடினால் கிடைக்காத கேள்வி

"காலரா எதனால் பரவுகிறது?" என்று கேட்டால் விடை போனிலேயே இருக்கிறது. மாணவர்களை 1854ஆம் ஆண்டு லண்டனுக்குக் கூட்டிப் போங்கள். சோஹோ பகுதியில் ஆகஸ்ட் கடைசியில் காலரா கிளம்பி, பத்தே நாளில் ஐந்நூறு பேருக்கு மேல் பலி வாங்கியது. கெட்ட காற்றுதான் காரணம் என்பது அன்றைய மருத்துவர்கள் பெரும்பாலோரின் நம்பிக்கை. ஜான் ஸ்னோ என்ற மருத்துவரோ பிராட் தெரு அடிபம்புத் தண்ணீரைச் சந்தேகித்தார். ஆனால் கிருமியைக் காட்டி நிரூபிக்க அவரால் முடியவில்லை.

கேள்வி இதுதான்: "அன்று நீங்கள் அங்கே இருந்தால் காற்று என்பீர்களா, தண்ணீர் என்பீர்களா? எதை வைத்து?"

படி 2: பதில்களை மறைத்து வையுங்கள்

ஜூம் என்றால், சாட் அமைப்பில் மாணவர்கள் உங்களுக்கு மட்டும் எழுதும்படி மாற்றிவிடுங்கள். கூகுள் கிளாஸ்ரூமில் குறுவிடைக் கேள்வி போட்டால், தன் பதிலைச் சமர்ப்பித்த பிறகுதான் மற்றவர் பதில் தெரியும்படி வைக்கலாம். பதிலைத் திருத்தும் வசதியை நிறுத்திவிட்டால் முதல் பதிலும் அப்படியே பதிவில் இருக்கும். மூடுல் என்ற பாடத் தளத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு, தான் எழுதிய பிறகே பிறர் எழுதியதைக் காட்டும் கேள்வி-பதில் வகை விவாத மன்றம் இருக்கிறது.

அப்புறம் காத்திருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடிகூடப் பொறுப்பதில்லை, மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகவும் காரணத்தோடும் வருகின்றன என்று மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் காட்டினார். அது நேரடி வகுப்புக் கணக்கு. போனில் தமிழில் தட்டச்சு செய்யும் பிள்ளைக்கு முழுதாக இரண்டு நிமிடம் கொடுங்கள். அந்த அமைதி உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். பரவாயில்லை, பேசிவிடாதீர்கள்.

படி 3: சான்றுகளை ஒவ்வொன்றாக அவிழுங்கள்

வகுப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதிக நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே ஸ்லைடில் கொட்டிவிட வேண்டாம்.

முதலில் ஸ்னோவின் வரைபடம். சாவுகள் பம்பைச் சுற்றிக் குவிந்திருக்கும். "தண்ணீர்தான்!" என்று பாதி வகுப்பு எழுதும். உடனே கேளுங்கள்: "அந்த இடத்தில் காற்றும் கெட்டுப்போய் இருந்திருக்கலாமே? படம் அதை மறுக்கிறதா?" மறுக்கவில்லை என்பது அவர்களுக்கே தெரியவரும்.

அடுத்து, பக்கத்திலேயே இருந்த ஏழைகள் விடுதி. 535 பேர் தங்கியிருந்தும் இறந்தவர்கள் 5 பேர்தான். அங்கே தனிக் கிணறு இருந்தது.

பிறகு, பிராட் தெருவிலேயே இருந்த பீர் ஆலை. சுமார் 70 தொழிலாளர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. அவர்களுக்குக் குடிக்க ஆலையின் பீரே கிடைத்தது. இங்கே யாராவது "பீர் காலராவைத் தடுக்கிறது சார்" என்று எழுதுவார். தவறு என்று வெட்டிவிடாதீர்கள், நல்ல ஊகம் அது. "அப்படியானால் விடுதியில் இருந்தவர்கள் எப்படித் தப்பினார்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டு இடத்துக்கும் பொதுவானது எது என்று தேடுவார்கள்: இருவருமே பம்புத் தண்ணீரைக் குடிக்கவில்லை.

கடைசியாக, சில மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு விதவை. பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் அதை வீட்டுக்கே வரவழைத்துக் குடித்தவர். அவரும் இறந்தார், வந்த இடத்தில் அதைக் குடித்த உறவுக்காரப் பெண்ணும் இறந்தார். சோஹோ காற்று அங்கே போக வழியில்லை.

ஒவ்வொரு சான்றுக்குப் பிறகும் ஒரே கேள்வி: "பதில் மாறியதா? எது மாற்றியது?" எல்லாரும் எழுதிய பிறகே அடுத்தது. "ஸ்னோ கண்டுபிடித்தார், அதனால் தண்ணீர்" என்று எழுதுபவரிடம், ஸ்னோ பெயரைச் சொல்லாமல் உங்களை நம்ப வைக்கச் சொல்லுங்கள்.

படி 4: முடிந்த கதையையும் கேள்வி கேட்க வையுங்கள்

செப்டம்பர் 8ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள், நோய் நின்றது. இப்படித்தான் பலரும் சொல்கிறார்கள். கைப்பிடியைக் கழற்றியதால்தான் நின்றதா என்று கேட்டு, எழுதி முடித்ததும் எண்களைக் காட்டுங்கள். பின்னர் உயிரிழந்தவர்களில், செப்டம்பர் 1 அன்று நோய் கண்டவர்கள் 143 பேர். 8ஆம் தேதி 12 பேர். மக்கள் ஊரைவிட்டு ஓடியதால் நோய் முன்பே தணிந்துவிட்டதை ஸ்னோவே எழுதியிருக்கிறார். தண்ணீர் பற்றிய அவர் முடிவு சரி, ஆனால் கைப்பிடிக் கதை அதற்குச் சான்று ஆகாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் மாணவரை மனதாரப் பாராட்டுங்கள்.

படி 5: சிறு குழு

பிரேக்அவுட் ரூமில் நான்கு பேர் வீதம், பத்து நிமிடம். ஒருவர் கட்டாயம் காற்றுக் கட்சிக்காக வாதாட வேண்டும்.

படி 6: மதிப்பெண்

முதல் பதில் தவறானால் மதிப்பெண் குறைக்காதீர்கள். குறைத்தால் அடுத்த வகுப்பிலிருந்து யாரும் துணிந்து எழுத மாட்டார்கள். "முதலில் இப்படி நினைத்தேன், இந்தச் சான்றால் மாற்றிக்கொண்டேன்" என்பதற்கே மதிப்பெண். சாட்ஜிபிடியில் எடுத்து ஒட்டிய பதில் இங்கே அவ்வளவாக எடுபடாது. வகுப்பில் தான் எழுதிய முதல் பதிலோடு அது பொருந்தியாக வேண்டும்.

வீட்டுப்பாடமாக, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு மருத்துவச் செய்தியை எடுக்கச் சொல்லுங்கள். "இந்தக் கஷாயம் குடித்தால் சர்க்கரை குறையும்" என்பது போல ஏதாவது. குடித்துக் குறைந்தவர்கள் இருக்கட்டும். குடித்தும் குறையாதவர்கள், குடிக்காமலே குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று அந்தச் செய்தி சொல்கிறதா? ஐந்து வரியில் எழுதி, அடுத்த வகுப்புக்கு முந்தைய நாள் அனுப்பட்டும்.