ரிமோட் டீம்ல யார் எதுக்குப் பொறுப்பு? புதுசா லீட் ஆனவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

பெங்களூர்ல புதுசா டீம் லீட் ஆகுற நம்ம ஊர் ஆளுங்க கேக்குற முதல் கேள்வி இதுதான். "ரெண்டு பேர் இங்க பிடிஎம் ஏரியாவுல, ஒருத்தர் கோயம்புத்தூர், ஒருத்தர் திருநெல்வேலி, இதுல யார் வேலை பாக்குறாங்க யார் ஓபி அடிக்கிறாங்கன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" கண்டுபிடிக்கவே கிளம்பாதீங்க. ஸ்லாக்ல (ஆபீஸ் சாட் ஆப்) ஆள் ஆன்லைன்ல இருக்காருன்னு காட்டுற பச்சை லைட் எரியுதான்னு பாத்துட்டே இருந்தா, டீமும் பச்சை லைட்ட எரிய விடுறதுலதான் கெட்டிக்காரங்களா ஆவாங்க. மவுஸ் தானா அசையுற மாதிரி காட்டுற கருவியே ஆன்லைன்ல விக்குது. 2024-ல அமெரிக்காவுல வெல்ஸ் ஃபார்கோ பேங்க், கீபோர்ட் ஓடுற மாதிரி போலியா காட்டினாங்கன்னு ஒரு டஜன் பேருக்கு மேல வேலைய விட்டே அனுப்பிச்சு.

நாம பாக்க வேண்டியது ஆள இல்ல, வேலைய.

ஸ்டெப் 1: ஒரு டாஸ்க்குக்கு ஒரே ஒரு பேர்

டாஸ்க்க எல்லாம் லிஸ்ட் போட்டு வெக்குற ஒரு போர்டு வேணும், ஜிரா, ட்ரெல்லோ மாதிரி ஆப்போ, ஏன் கூகுள் ஷீட்டே போதும். ஒவ்வொரு டாஸ்க் பக்கத்துலயும் ஒரே ஒரு பேர் இருக்கணும். ரெண்டு பேர் போட்டா அவர் பாப்பாருன்னு இவரு, இவரு பாப்பாருன்னு அவரு, கடைசில வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்க பாப்பீங்க. ஆப்பிள்ல இந்த ஒத்த ஆளுக்கு டிஆர்ஐன்னு பேரு (டைரக்ட்லி ரெஸ்பான்சிபிள் இண்டிவிஜுவல், அதாவது நேரடியா பொறுப்பான ஒருத்தர்). ஆபீஸே இல்லாம நடக்குற கிட்லேப்ங்கற சாஃப்ட்வேர் கம்பெனியும் அதையே யூஸ் பண்றாங்க, அவங்க ஹேண்ட்புக் நெட்ல யார் வேணா படிக்கிற மாதிரிதான் இருக்கு, ஒரு லீவ் நாள்ல உக்காந்து படிங்க. டாஸ்க்ல பேர் இருக்குற அந்த ஓனரே எல்லாத்தையும் செய்யணும்னு இல்ல, யார்ட்ட வேணா உதவி கேக்கலாம், ஆனா "இது என்னாச்சு?"ன்னா பதில் சொல்ல வேண்டியது அவர் மட்டும்தான்.

ஸ்டெப் 2: "முடிஞ்சது"ன்னா என்னன்னு முன்னாடியே எழுதுங்க

பாதி சண்டை இங்கதான் வருது. நாம வழக்கமா போடுறது இப்படி:

"அந்த பேமெண்ட் பேஜ் கொஞ்சம் பாத்துக்கோங்க ப்ரோ, சீக்கிரம் வேணும்."

இதுல எது பாக்கணும், சீக்கிரம்னா எப்போ, ஒண்ணும் கிடையாது. இப்படிப் போடுங்க:

"பேமெண்ட் பேஜ்ல யுபிஐ ஃபெயில் ஆனா திரும்ப ட்ரை பண்ற பட்டன் வரணும். ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுலயும் டெஸ்ட் பண்ணி ஸ்க்ரீன்ஷாட் டாஸ்க்லயே போடணும். வியாழன் மதியம் 3 மணி."

எழுத ரெண்டு நிமிஷம் கூட ஆகும், பரவால்ல. அந்த ஸ்க்ரீன்ஷாட் விஷயம்தான் முக்கியம், அது இருந்தா "முடிச்சிட்டேன்"னு அவர் சொன்னத நீங்க நம்பவும் வேண்டாம் சந்தேகப்படவும் வேண்டாம், கண் முன்னாடியே இருக்கு. அந்த வியாழன் 3 மணிங்கற டைமையும் அவர்ட்டயே கேட்டுப் போடுங்க, நீங்க திணிச்ச தேதிய யாரும் தன்னோடதா எடுத்துக்க மாட்டாங்க.

ஸ்டெப் 3: தினம் மூணு வரி

ஸ்க்ரம்ல (டீம் வேலைய சின்னச் சின்ன கட்டமா பிரிச்சு செய்யுற ஒரு முறை) டெய்லி மீட்டிங்குக்கு 15 நிமிஷம்தான் லிமிட், ஆனா நடைமுறைல அது முக்கால் மணி நேரம் இழுக்குதுன்னு உங்களுக்கே தெரியும். பேசாம காலைல 10:30-க்குள்ள டீமோட ஸ்லாக் சேனல்ல டைப் பண்ணச் சொல்லுங்க: நேத்து எது முடிஞ்சது, இன்னைக்கு எது, எங்க மாட்டிக்கிட்டு நிக்குது. "வேலை போயிட்டு இருக்கு", "ஆல்மோஸ்ட் டன்" இதெல்லாம் அப்டேட்டே இல்ல. யாராவது 90 பர்சென்ட்னு போட்டா மீதி 10-ல என்ன இருக்குன்னு கேளுங்க, சில சமயம் மொத்த வேலையும் அதுலதான் இருக்கும்.

ஸ்டெப் 4: லேட் ஆகும்னா முன்னாடியே சொல்லணும்

கரண்ட் போகும், நெட் படுத்தும், வெள்ளி ராத்திரி ஊருக்குப் போற பஸ் பெங்களூர் சில்க் போர்டு ஜங்ஷன தாண்டவே நேரமாகும், அதுல உக்காந்து லேப்டாப்ப திறக்க முடியாது. லேட் ஆகுறது தப்பில்ல, டெட்லைன் தாண்டினதுக்கு அப்புறம் சொல்றதுதான் தப்புன்னு டீம்ல தெளிவா சொல்லிடுங்க. ஆனா ஒருத்தர் புதன்கிழமையே வந்து சொன்னா அப்ப நீங்க எப்படி நடந்துக்குறீங்கங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

"அக்கா, வியாழனுக்கு முடியாது போல, பேங்க் சைடுல இருந்து டெஸ்ட் அக்கவுண்ட் இன்னும் வரல."

"சரிப்பா, சொன்னது நல்லதா போச்சு. பேங்க்ல நான் பேசுறேன். வந்ததுல இருந்து எவ்ளோ டைம் வேணும்?"

அவ்ளோதான். இங்க போய் "இத முன்னாடியே யோசிக்க மாட்டியா"ன்னு கடிச்சீங்கன்னா அடுத்த தடவை யாரும் வாயே திறக்க மாட்டாங்க.

ஸ்டெப் 5: டீக்கடைல எடுத்த முடிவையும் எழுதிப் போடுங்க

இது நம்ம ஆளுங்களுக்குன்னே. பெங்களூர்ல இருக்குற ரெண்டு மூணு தமிழ் ஆளுங்க ஆபீஸ் கீழ டீ குடிச்சிட்டே "அத அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம் மச்சி"ன்னு முடிவு பண்ணிடுவோம், திருநெல்வேலில இருக்கறவருக்கும் தெரியாது, டீம்ல இருக்குற கன்னடக்காரருக்கும் ஹிந்திக்காரருக்கும் தெரியாது. தெரியாத முடிவுக்கு அவங்கள எப்படிப் பொறுப்பாக்குவீங்க? மேல வந்ததும் சேனல்ல ரெண்டு வரி, எல்லாருக்கும் புரியற மொழில.

ஸ்டெப் 6: அப்பவும் ஒருத்தர் செய்யலன்னா

குரூப்ல கேக்காதீங்க, தனியா கால் போடுங்க. "நீங்க எப்பவுமே லேட்"னு ஆரம்பிச்சா சண்டைதான், போர்ட திறந்து வெச்சு "இந்த மூணு டாஸ்க், இந்த மூணு தேதி, என்ன நடந்துச்சு?"ன்னு கேளுங்க. வீட்ல யாருக்காவது முடியாம இருக்கும், இல்ல அந்த வேலையே அவருக்குத் தெரியாம கேக்கக் கூச்சப்பட்டுட்டு இருப்பாரு, ரெண்டுக்கும் வழி இருக்கு. பேசினத அவருக்கே மெயில்ல அனுப்பிட்டு அடுத்த ரெண்டு வாரத்துக்கு டாஸ்க்க சின்னச் சின்னதா உடைச்சுக் குடுங்க. அதுக்கப்புறமும் மாறலன்னா ஹெச்ஆர்ட்ட போகும்போது உங்க கைல தேதியோட பேப்பர் இருக்கும்.


அப்புறம், அதே போர்டுல உங்க டாஸ்க்கையும் போடுங்க, உங்க பேரோட, தேதியோட. லீட் பேர்ல ஒண்ணுமே இல்லாத போர்ட டீம்ல யாரும் சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க.