சுமை தாங்கும் சுவரில் புதிய வாசல்

வாசலுக்கு மேல் சுவரின் சுமையைத் தாங்கும் உத்திரத்தின் அளவைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் கணக்கிட வேண்டும். இங்கே கண்மதிப்பு ஆபத்து. மேல்தளத்துக்குச் சுவரின் இருபுறமும் முட்டுக் கொடுத்து, அடியில் பலகை போடுங்கள். பலகை இல்லாவிட்டால் தரை அமுங்கி முட்டு தளரும்.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு உத்திரமாக இரண்டு இரும்புச் சேனல் (C வடிவ இரும்புச் சட்டம்) வசதி. ஒரு பக்கம் பாதித் தடிமனுக்கு மட்டும் காடி வெட்டி முதல் சேனலை ஏற்றி, மேல் இடைவெளியைச் சுருங்காத கிரவுட்டால் (இடைவெளி நிரப்பும் சிமெண்ட் கலவை) இறுக அடையுங்கள். விரிசல் பெரும்பாலும் இங்குதான் பிறக்கிறது: இடைவெளி விட்டால், சுவர் இறங்கித்தான் உத்திரத்தைத் தொடும். கிரவுட் இறுகிய பிறகே மறுபக்கம். பின் இரண்டையும் போல்ட்டால் இணையுங்கள்.

சேனல்களின் முனைகள் கான்கிரீட் திண்டின்மேல் குறைந்தது 150 மி.மீ. உட்கார வேண்டும், வெறும் செங்கல் நசுங்கும். கடைசியாகத்தான் கீழ்ச்சுவர். சம்மட்டி வேண்டாம், டைமண்ட் பிளேடால் அறுத்து மேலிருந்து கீழாக எடுங்கள்.