பிள்ளைகளோடு கிறிஸ்துமஸ் பிஸ்கட்: நட்சத்திரம் உருக்குலையாமல் வர

டிசம்பர் பிறந்துவிட்டால் நெல்லை, நாகர்கோவில் பக்கத்து வீடுகளில் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் தொடங்கிவிடும். இரண்டுமே கொதிக்கிற எண்ணெய் வேலை. "அந்தப் பக்கம் போங்க" என்று பிள்ளைகளை விரட்டிக்கொண்டேதான் செய்ய முடியும். பிஸ்கட் அப்படியில்லை. அடுப்புக்குள் தட்டை வைத்து எடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிள்ளைகளே செய்யலாம். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரம் என்றாலே பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான்.

ஆனால் நம் ஊரில் இதற்கு இரண்டு சிக்கல் உண்டு. நட்சத்திரமாக வெட்டி உள்ளே வைத்தது பரவி வட்டமாக வெளியே வரும். அதைத் தாண்டினால், மேலே பூசிய ஐசிங் மழைக்கால ஈரத்தில் காயாமல் பிசுபிசுக்கும். நமக்குக் கிடைக்கிற செய்முறைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுச் சமையலறைக்காக எழுதப்பட்டவை. "அறை வெப்பத்தில் இருக்கிற பட்டர்" என்று அவற்றில் போட்டிருந்தால் 20 டிகிரியை ஒட்டிய வெப்பம் என்று அர்த்தம். நம் அடுப்படி டிசம்பரிலும் 28, 30 இருக்கும். பட்டர் 32 டிகிரியை ஒட்டி உருக ஆரம்பித்துவிடும். அதனால் பொருட்களை விட, வேலையின் வரிசையைத்தான் நாம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தேவையானவை

மைதா 300 கிராம், உப்பில்லாத பட்டர் 150 கிராம், சலித்த நாட்டுச்சர்க்கரை 120 கிராம், முட்டை 1, சுக்குத்தூள் 2 டீஸ்பூன், பட்டைத்தூள் 1 டீஸ்பூன், கிராம்புத்தூள் கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. நடுத்தர அளவில் 30 பிஸ்கட் வரை வரும். கப் கணக்கு வேண்டாம், தராசு வாங்கிவிடுங்கள். பிள்ளைகள் மைதாவைக் கப்பில் அமுக்கி அமுக்கி நிரப்புவார்கள், ஒவ்வொரு கப்பும் ஒவ்வொரு எடை வரும்.

சமையல் சோடா, பேக்கிங் பவுடர் இரண்டும் இதில் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அவை மாவை உப்ப வைக்கும், பரவ வைக்கும், நட்சத்திரத்தின் முனை மழுங்கிவிடும். வீட்டில் கடைந்த வெண்ணெயும் இதற்கு ஒத்துவராது, அதில் தண்ணீர் அதிகம். கருப்பட்டி போட எனக்கும் ஆசைதான், உடன்குடிக் கருப்பட்டி வாசத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் அதைக் கரைத்து வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும், அந்தத் தண்ணீர் மாவை இளக்கிவிடும்.

மாவு

பட்டரும் நாட்டுச்சர்க்கரையும் ஒன்றாகக் கலந்தால் போதும். கேக்குக்கு அடிப்பதுபோல வெளுத்து நுரைக்கிற வரை அடித்தால் காற்று ஏறி, அடுப்பில் உப்பிப் பிறகு அமுங்கும். முட்டை சேர்த்துக் கலந்து, மைதாவையும் பொடிகளையும் சலித்துப் போட்டு, மாவு ஒன்றுசேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தால் பிஸ்கட் கடினமாகிவிடும்.

பச்சை மாவை நக்க விடாதீர்கள். முட்டை மட்டும் காரணமில்லை, வேகாத மைதாவிலும் கிருமி இருக்கலாம். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சீரக மிட்டாய் வைத்துவிட்டால் கை அங்கே போய்விடும்.

முதலில் தேய், பிறகு குளிரவை

பெரும்பாலான செய்முறைகள் மாவை உருண்டையாக்கி ஃப்ரிட்ஜில் வைத்து, பிறகு எடுத்துத் தேய்க்கச் சொல்லும். நம் ஊரில் இது சரிப்படாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உருண்டை கல் மாதிரி இருக்கும், ஆறு வயதுப் பிள்ளையின் கைக்கு அசையாது. தேய்க்க வருகிற பதத்துக்கு இளகுவதற்குள் ஓரமெல்லாம் உருகிவிடும். வெட்டின நட்சத்திரத்தை எடுத்தால் கால்கள் நீண்டு தொங்கும். பிள்ளை அழ ஆரம்பிக்கிற இடம் இதுதான்.

அதனால் மாவு கலந்த கையோடு, மெத்தென்று இருக்கும்போதே இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் இரண்டு பார்ச்மென்ட் பேப்பருக்கு (பேக்கிங்குக்கான ஒட்டாத பேப்பர்) நடுவில் வைத்துப் பூரிக்கட்டையால் தேய்க்கச் சொல்லுங்கள். மெத்தென்ற மாவு என்பதால் பிள்ளைகளே தேய்ப்பார்கள். மேலே மாவு தூவ வேண்டியதில்லை, தரையும் அழுக்காகாது. கனம் 5 மில்லிமீட்டர் வேண்டும். மாவுக்கு இரண்டு பக்கமும் மர ஸ்கேல் வைத்து, கட்டை அதன் மேலேயே உருளும்படி செய்தால் எல்லா இடமும் ஒரே கனத்தில் வரும். ஒரு ஸ்கேலின் கனம் போதாவிட்டால் இரண்டிரண்டாக அடுக்குங்கள். இதை விட்டுவிட்டால் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வேகாது.

தேய்த்த தகட்டைப் பேப்பரோடு ஒரு தட்டில் படுக்கையாக வைத்து ஃப்ரிட்ஜில் 1 மணி நேரம். மெல்லிய தகடு என்பதால் உள்வரைக்கும் ஒரே மாதிரி குளிரும். வெளியே எடுத்ததும் மேல் பேப்பரை உரித்துவிட்டு, வேகமாக அச்சை அழுத்தி வெட்டுங்கள். வெட்டினவற்றைத் தட்டில் அடுக்கி மறுபடியும் 15 நிமிடம் ஃப்ரீசரில். இந்த இரண்டாவது குளிர்ச்சியை யாரும் தவிர்க்காதீர்கள். பட்டர் உருகி ஓடுவதற்குள் மாவு வெந்து இறுகிவிட்டால் உருவம் நிற்கும், அதற்குப் பட்டர் கெட்டியாக இருந்து அடுப்புக்குள் போக வேண்டும். இதில் அவ்வளவுதான் சூட்சுமம்.

அச்சு ஸ்டீலாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கின் ஓரம் மொண்ணையானது, வெட்டாமல் நசுக்கும். ஸ்டீலில் கூர் ஓரம் எது, மடித்த ஓரம் எது என்று பிள்ளைக்கு முதலிலேயே தொட்டுக் காட்டிவிடுங்கள். மரத்தில் தொங்கவிட வேண்டுமென்றால் ஸ்ட்ராவால் ஓட்டை போட வேண்டும். வேகும்போது ஓட்டை கொஞ்சம் மூடிக்கொள்ளும், வெளியே எடுத்ததும் சூடாக இருக்கும்போதே நீங்கள் மறுபடி ஒரு தடவை குத்துங்கள். வெட்டி மிஞ்சியதை மறுபடி தேய்ப்பது இரண்டு தடவை போதும். அதற்கு மேல் மிஞ்சுவதைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள், ஆடு, ஒட்டகம், பல்லி என்று என்ன வந்தாலும் வேகவைக்கலாம்.

வேகவைப்பது

ஓடிஜியை (பேக்கிங் செய்கிற சின்ன மின்சார அடுப்பு) மேல், கீழ் இரண்டு கம்பியும் போட்டு 170 டிகிரியில் 15 நிமிடம் சூடாக்கி, நடுத்தட்டில் 11 முதல் 13 நிமிடம். மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் கன்வெக்ஷனில் (சூடான காற்றில் வேகவைக்கிற முறை) மட்டும் செய்யுங்கள். நாட்டுச்சர்க்கரை போட்ட மாவு முதலிலேயே பழுப்பு என்பதால் நிறத்தை நம்ப முடியாது. ஓரம் இறுகி, நடு இன்னும் லேசாக மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். தட்டிலேயே 5 நிமிடம் விட்டால் தானாக இறுகும்.

ஐசிங்

கிறிஸ்துமஸ் பிஸ்கட்டின் மேல் கெட்டியாக, மொறுமொறுவென்று நிற்பது ராயல் ஐசிங். பச்சை முட்டை வெள்ளைக்கரு போட்டுச் செய்வதுதான் பழைய முறை. சின்னப் பிள்ளைகள் விரலை நக்கிக்கொண்டே செய்கிற வேலை என்பதால் நான் மெரிங் பவுடர்தான் (பதப்படுத்திக் காயவைத்த வெள்ளைக்கருப் பொடி) போடுகிறேன், பேக்கரி சாமான் கடையில் கிடைக்கும். ஐசிங் சுகர் 230 கிராம், மெரிங் பவுடர் ஒன்றரை டேபிள்ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டரை டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு சில துளி. பீட்டரில் 5 நிமிடம் அடித்தால் வெள்ளையாகக் கெட்டிப்படும். மிக்ஸியில் பொடித்த சர்க்கரை வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு குருணை போதும், ஐசிங் பிழிகிற கோனின் வாயை அடைத்துவிடும்.

பதம் பார்ப்பதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். கிண்ணத்தில் கரண்டியால் ஒரு கோடு கிழித்து 1, 2, 3 என்று நிதானமாக எண்ணட்டும். 10 எண்ணுவதற்குள் கோடு மறைந்து மேற்பரப்பு சமமானால் அது நிரப்புகிற பதம். 5க்குள் மறைந்தால் சர்க்கரை சேர்க்க வேண்டும், 15 ஆகியும் மறையாவிட்டால் துளித்துளியாகத் தண்ணீர். ஓரக்கோட்டுக்கு இதைவிடக் கொஞ்சம் கெட்டியாக ஒரு பங்கு தனியாக எடுத்துவையுங்கள்.

முனை போட்ட பைப்பிங் பையைவிட, மருதாணிக் கோன் மாதிரி சுருட்டிய சின்னக் கோன்தான் பிள்ளைகளின் கைக்கு அடங்குகிறது. பாதி மட்டும் நிரப்பி, வாயை மடித்து டேப் ஒட்டி, நுனியைக் குண்டூசித் தலை அளவு வெட்டிக் கொடுங்கள். முதலில் ஓரக்கோடு, பிறகு உள்ளே நிரப்புவது, இண்டு இடுக்கில் ஐசிங்கைத் தள்ள ஒரு பல்குத்தும் குச்சி. நான்கு வயதுக்குக் கீழே இருக்கிறவர்களுக்குக் கோன் வேண்டாம். நீங்கள் பூசிக் கொடுங்கள், அவர்கள் சீரக மிட்டாயோ டூட்டி ஃப்ரூட்டியோ பதிக்கட்டும். வெள்ளி நிற உருண்டைகள் ரொம்பக் கடினம், சின்னப் பிள்ளைகளுக்குத் தராதீர்கள். சீரக மிட்டாயை ஐசிங் ஈரமாக இருக்கும்போது பதித்தால் சாயம் வழியும், மேலே லேசாக ஆடை படர்ந்த பிறகு பதியுங்கள்.

நிறத்துக்கு ஜெல் கலர்தான். தண்ணீர் மாதிரி இருக்கிற கலர் பதத்தைக் கெடுத்துவிடும். சிவப்பைக் கடைசிக்கு வையுங்கள். வெள்ளை முழுவதும் காய்வதற்குள் பக்கத்தில் சிவப்பு வைத்தால் கிறிஸ்துமஸ் தாத்தாவின் தாடி ரோஸ் ஆகிவிடும்.

காய வைப்பதற்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடட்டும். ஏசி அறை இருந்தால் அங்கே வையுங்கள், அது ஈரத்தை இழுத்துவிடும். மழை நாளில் ஒரு ராத்திரி முழுக்க வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் மேலே வியர்த்து நிறமெல்லாம் கசியும்.

இதனால்தான் ஒரே நாளில் முடிக்கப் பார்க்கக் கூடாது. அரையாண்டுத் தேர்வு பெரும்பாலும் 23ஆம் தேதியை ஒட்டி முடியும். அன்றைக்குத்தான் மாவிலிருந்தே தொடங்குவது என்றால் ஐசிங் 24ஆம் தேதிக்குத் தள்ளிப்போய், ராத்திரி ஆராதனைக்குக் கிளம்பும்போதும் ஈரமாகத்தான் இருக்கும். தேர்வுக்கு முந்தைய சனி, ஞாயிறில் மாவு தேய்த்துப் பேப்பரோடு ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள், 2 வாரம் தாங்கும். தேர்வு முடிகிற நாள் வெட்டி, வேகவைத்து, அன்று மாலையே ஐசிங்.

பிறகு சேர்த்தது

முட்டை இல்லாமல் செய்யக் கேட்டவர்களுக்கு: முட்டைக்குப் பதில் 3 டேபிள்ஸ்பூன் குளிர்ந்த பால், ஒவ்வொரு ஸ்பூனாக. மாவு ஒன்றுசேர்ந்ததும் நிறுத்துங்கள், மூன்றும் தேவைப்படாமல் போகலாம். மெரிங் பவுடரிலும் முட்டை உண்டு. அதனால் ஐசிங்குக்கு 200 கிராம் ஐசிங் சுகரில் 2 டேபிள்ஸ்பூன் தண்ணீரும் ஒரு டீஸ்பூன் லிக்விட் குளுக்கோஸும் கலந்து பூசுங்கள். ராயல் ஐசிங் அளவுக்கு இறுகாது, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க முடியாது.

கோதுமை மாவு பாதி சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சேர்க்கலாம், ஒரு டேபிள்ஸ்பூன் பால் கூட விடுங்கள். முழுக்கக் கோதுமை என்றால் வெட்டும்போது ஓரம் உதிரும்.

பார்ச்மென்ட் பேப்பர் ஒட்டிக்கொண்டது என்று எழுதியவர்கள் வாங்கியது பெரும்பாலும் பொட்டலம் கட்டுகிற மெல்லிய பட்டர் பேப்பராக இருக்கும். வேகவைக்க என்று அட்டையில் போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். மரத்தில் தொங்கவிட்டதை மறுநாளே சாப்பிட்டுவிடுங்கள், நம் ஊர் ஈரத்தில் அதற்கு மேல் நமத்துப்போகும், எறும்பும் வரும். டப்பாவில் வைப்பதை வரிசைக்கு ஒரு பேப்பர் போட்டு, காற்றுப் புகாமல் மூடினால் புத்தாண்டு வரை மொறுமொறுப்பு இருக்கும்.