வில்லோடு போகும்போது ஷாட்கன்காரர் போலக் கூப்பிடாதீர்கள்: வான்கோழி வேட்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஷாட்கன்னோடு, அதாவது ஒரே சுடலில் பல சிறு குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கியோடு, சில வசந்தகாலங்கள் வான்கோழி வேட்டைக்குப் போய்ப் பழகியவர்கள் வில்லுக்கு மாறும்போது புது வில் வாங்குகிறார்கள், அகலமான அம்பு முனை வாங்குகிறார்கள், மறைவுக் கூடாரமும் வாங்குகிறார்கள். பெட்டைக் குரலில் சேவலைக் கூப்பிடும் முறையை மட்டும் மாற்றுவதில்லை. சேவல் வருகிறது, முப்பது கெஜத்தில் நிற்கிறது, நேராக இவர்கள் இருக்கும் பக்கமே பார்க்கிறது, திரும்பிப் போய்விடுகிறது. பழி வில்லின் மேல் விழும். உண்மையில் அதைக் கெடுத்தது பெரும்பாலும் அழைப்புதான்.

பண்ணை வான்கோழியை மட்டும் பார்த்தவர்களுக்குச் சில விவரங்கள். காட்டு வான்கோழி நன்றாகப் பறக்கும். இரவில் உயர்ந்த மரங்களில் அடையும். மானைப் போல மோப்பம் பிடிக்காது, ஆனால் கண்ணும் காதும் அபாரம். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், லேசாகத் தலையைத் திருப்பினாலே சுற்றிலும் பார்த்துவிடும். சத்தம் எந்த மரத்தடியிலிருந்து வந்தது என்பதைக் கிட்டத்தட்டத் துல்லியமாகக் கண்டுபிடித்துவிடும். வசந்தகால வேட்டையில் பொதுவாகச் சேவலை மட்டுமே சுட அனுமதி. அது இனச்சேர்க்கைக் காலம். வேட்டைக்காரர் பெட்டையைப் போலக் குரல் கொடுத்துச் சேவலை வரவைக்கப் பார்க்கிறார்.

ஷாட்கன்காரருக்குச் சேவலின் தேடல் சாதகம். 'கூப்பிட்ட பெட்டை எங்கே' என்று அது கழுத்தை நீட்டும். அவருக்கு வேண்டியதே அந்தத் தலையும் கழுத்தும்தான். துப்பாக்கி ஏற்கெனவே முழங்கால் மேல் குறிபார்த்து இருக்கும், விரலைத் தவிர வேறெதுவும் அசையத் தேவையில்லை. வில்காரருக்கு அதே தேடல் எதிரி. நாண் இழுக்கக் கையும் தோளும் அசைந்தாக வேண்டும். அந்த நொடியில் சேவல் சத்தம் வந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கதை முடிந்தது. அதனால் துப்பாக்கிக்கு நல்ல அழைப்பு பறவையை உங்களை நோக்கிப் பார்க்கவைப்பது. வில்லுக்கு நல்ல அழைப்பு அதை வேறெங்கோ பார்க்கவைப்பது. கீழே வரும் தவறுகளில் பாதி இதை மறப்பதால் வருபவை.

முதலில் இரண்டு ஆயுதங்களுக்கும் பொதுவான தவறு: ஓயாமல் கூப்பிடுவது. இயற்கையில் சேவல் நின்ற இடத்தில் கத்தும், வாலை விசிறியாக விரித்து நிற்கும். பெட்டைதான் அதைத் தேடிப் போகும். நாம் அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கப் பார்க்கிறோம். ஒவ்வொரு கத்தலுக்கும் நீங்கள் பதில் கொடுத்தால், 'சரி, அவளே வந்துகொண்டிருக்கிறாள்' என்பதுபோல் அது அங்கேயே நின்றுவிடும். விடியற்காலையில் இது இன்னும் மோசம். மரத்தில் இருக்கும்போதே அதிகம் கூப்பிட்டால், பெட்டை வந்து நிற்பதைக் கண்ணால் பார்க்காமல் இறங்க மறுத்துக் கிளையிலேயே உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும். மெல்லிய யெல்ப் ஒன்றிரண்டு போதும். யெல்ப் என்பது பெட்டையின் சாதாரணக் கூப்பாடு. அதற்குப் பதில் வந்துவிட்டால் வாயை மூடுங்கள். நெருங்கி வந்துகொண்டிருக்கும் சேவலுக்குக் காய்ந்த சருகைக் கையால் கீறும் சத்தம் போதும். பெட்டை இரை கிளறுவதாக நினைத்துக்கொள்ளும்.

அடுத்தது, எங்கே உட்கார்ந்து கூப்பிடுகிறோம் என்பது. ஆயுதத்துக்கு ஏற்ப முழுக்க மாறுவது இதுதான். ஷாட்கன்னோடு, டிகாய் (சேவலை ஏமாற்றி வரவைக்கும் வான்கோழிப் பொம்மை) இல்லாமல் போகிறவர் திறந்த புல்வெளி ஓரத்தில் உட்கார்ந்து கூப்பிடுவது வீண். சேவல் எண்பது கெஜத்திலேயே நின்று பார்க்கும், சத்தம் வந்த இடத்தில் பெட்டை இல்லை, கிட்டே வராது. மேட்டின் மறுபக்கம், காட்டுப் பாதையின் வளைவு போன்ற இடத்தில் உட்காருங்கள். பெட்டை இருக்கவேண்டிய இடம் சேவலுக்கு முதன்முதலில் தெரியும்போதே அது நாற்பது கெஜத்துக்குள் இருக்க வேண்டும். கூடாரமும் பொம்மையும் வைத்த வில்காரருக்கு இதற்கு நேர்மாறு. பொம்மை தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், ஏனென்றால் வேலை செய்யப்போவது பொம்மை. அதைப் புதருக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு மணிக்கணக்கில் கூப்பிடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

பொம்மையின் தூரத்திலும் குழப்பம் உண்டு. ஷாட்கன்னுக்கு இருபது கெஜம் சுமார் சரி. பத்து கெஜத்தில் வைத்தால், வான்கோழிக்கென்று இறுக்கமான சோக் (குண்டுகள் விரிவதைக் குறைக்கும் குழல்முனைக் குறுக்கம்) போட்ட குழலிலிருந்து குண்டுகள் இன்னும் விரியாமல் ஒரு கைப்பிடி அளவுக்கே போகும். ஆடிக்கொண்டிருக்கும் தலையைத் தவறவிடுவது மிக எளிது. வில்லுக்கு அந்தக் கிட்ட தூரம்தான் தேவை, ஐந்து முதல் பத்து கெஜம். இளஞ்சேவல் பொம்மையின் முகத்தைக் கூடாரம் பக்கம் திருப்பி வையுங்கள். சண்டைக்கு வரும் பெரிய சேவல் பொதுவாகச் சுற்றி வந்து நேருக்கு நேர் நிற்கும். அப்போது அதன் முதுகு உங்கள் பக்கம், விரித்த வால் அதன் பார்வையை மறைக்கும். நாண் இழுக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பொம்மையை வெளிப்பக்கம் பார்க்க வைத்தால் சேவல் பொம்மைக்கு அப்பால் நின்று உங்களையும் சேர்த்துப் பார்க்கும். அப்புறம் ஒன்று: பலமுறை அடிவாங்கிய சின்னச் சேவல்கள் இளஞ்சேவல் பொம்மையைக் கண்டே ஒதுங்கிப் போகும். பருவத்தின் பிற்பகுதியில் பெட்டை பொம்மை மட்டும் போதும்.

இப்போது கடைசி நாற்பது கெஜம். ஷாட்கன்காரரின் நம்பகமான பழக்கம் ஒன்று உண்டு. சேவல் உடலைச் சிலிர்த்து, கழுத்தை உள்ளிழுத்து வந்து நிற்கும். அந்த நிலையில் சுடக்கூடாது, கழுத்து சுருங்கியிருக்கும். ஒரே ஒரு கிளக், அதாவது ஒற்றைக் குறுஞ்சத்தம் கொடுத்தால் சிலிர்ப்பு அடங்கித் தலை நிமிரும், சுடலாம். இதையே வில்காரர் செய்யும்போதுதான் காரியம் கெடுகிறது. நிமிர்ந்த தலை கூடாரத்தின் ஜன்னலைப் பார்க்கும். உடல் விறைத்து ஓடத் தயாராகும். நாண் இழுத்து முடிக்கும் முன் பறவை போய்விடும். அம்பு படவேண்டிய உயிர்நிலை ஒரு பெரிய ஆரஞ்சுப் பழ அளவுதான். பறவை ஓரடி நகர்ந்தாலும் காயம் பட்டு ஓடிப் புதருக்குள் செத்துக் கிடக்கும். பறவை பொம்மையைக் கவனிக்கத் தொடங்கியபின் வில்காரர் எந்தச் சத்தமும் போடக்கூடாது என்பது என் கருத்து. சிலிர்த்து நிற்கும்போது இறகுகள் உப்பி உயிர்நிலை எங்கே என்று கண்ணை ஏமாற்றும். காத்திருங்கள். இரண்டு சிலிர்ப்புக்கு நடுவே அதுவாகவே தளரும். பக்கவாட்டில் நின்றால் இறக்கை உடலோடு சேரும் இடம், முதுகைக் காட்டினால் வாலின் அடி.

கருவி விஷயம் சின்னது. மூடியை உரசி ஒலி எழுப்பும் மரப்பெட்டிக் கருவி பழையது, ஆர்கன்சாவின் ஹென்றி கிப்சன் 1897இல் காப்புரிமை வாங்கியது. தூரத்துச் சேவலைப் பதில் சொல்லவைக்க அருமையானது, மழையில் நனைந்தால் உதவாது. அதற்கும், வட்டப் பலகையில் குச்சியை உரசி ஒலி எழுப்பும் ஸ்லேட் கருவிக்கும் இரண்டு கையும் வேண்டும். வில்லுக்கும் இரண்டு கை வேண்டும். ஆகவே அண்ணத்தில் வைத்து ஊதும் டயாஃப்ரம் பழகாமல் வில்லோடு போகாதீர்கள். முதல் வாரம் குமட்டும், பிறகு சரியாகிவிடும்.

கூடாரம் இல்லாமல் வில் வேட்டை செய்ய நினைப்பவர்கள் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டே எய்யவும் பார்ப்பது வீண் பிடிவாதம். நண்பர் ஒருவர் உங்களுக்குப் பின்னால் முப்பது நாற்பது கெஜத்தில் உட்கார்ந்து கூப்பிடட்டும். சேவல் அந்தச் சத்தத்தைப் பார்த்தபடி உங்களைக் கடந்து போகும். தயங்கி நின்றாலும் அநேகமாக உங்கள் எல்லைக்குள்தான் நிற்கும். அது ஒரு தடித்த மரத்துக்குப் பின்னால் மறையும் நேரம் நாண் இழுக்கலாம்.

பொறுமையின் அளவும் வேறு. ஷாட்கன்காரர் எழுந்து, சேவலைச் சுற்றிப் போய் வேறு திசையிலிருந்து கூப்பிடலாம். பல நேரம் அதுதான் வேலை செய்கிறது. கூடாரத்தில் இருப்பவர் நகர முடியாது, அதனால் அவர் முதல் நாளே தடம், எச்சம், இறகு பார்த்துப் பறவைகள் எப்படியும் வரும் இடத்தில் கூடாரம் போட வேண்டும். கால்மணிக்கு ஒருமுறை மெதுவாகக் கூப்பிட்டால் போதும். காலையில் பெட்டைகளோடு போன சேவல், அவை முட்டையிடக் கூட்டுக்குப் போனபின் பத்து மணிக்குமேல் தனியாகத் திரியும். அப்போது சத்தமே இல்லாமல் வந்து நிற்கும். ஒன்பது மணிக்கே மூட்டை கட்டுகிறவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. சில மாநிலங்களில் மதியத்தோடு வேட்டை நேரம் முடிந்துவிடும், விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பில் செய்யும் தவறுக்கு மட்டும் மறுவாய்ப்பு கிடையாது. பொது நிலத்தில் சேவல் குரலில் கத்தாதீர்கள். இன்னொருவர் அந்தச் சத்தத்தைத் தேடித் துப்பாக்கியோடு வருவார். அதே காரணத்தால் கேட்ட குரலைப் பதுங்கிப் பின்தொடரவும் கூடாது, அது மனிதராக இருக்கலாம். சேவலின் தலையில் உள்ள சிவப்பு, வெள்ளை, நீலம் உங்கள் உடையிலோ கைக்குட்டையிலோ தெரியக்கூடாது. கூடாரம் இல்லையென்றால் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். பதிவுசெய்த ஒலியைக் கருவியில் போட்டுக் கூப்பிடுவது பெரும்பாலான மாநிலங்களில் சட்டவிரோதம். வேறொரு வேட்டைக்காரர் உங்கள் பக்கம் வருவது தெரிந்தால் கையை ஆட்டாமல் வாய்விட்டுப் பேசுங்கள். பறவையையோ பொம்மையையோ தூக்கிக்கொண்டு நடக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சுப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.