மலை இல்லாத ஊரில் ஏற்றப் பயிற்சி

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். வருடத்துக்கு இரண்டு முறைதான் சைக்கிளில் அங்கே ஏற முடிகிறது. மற்ற நாளெல்லாம் தாராபுரத்துச் சமவெளிதான். தொடை பலம் குறையாமல் காப்பது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று.

ஆனி, ஆடியில் உடுமலை சாலையில் மேற்கே திரும்புங்கள். காற்றாலைகள் வேகமாகச் சுழலும் நேரத்தில் எதிர்காற்று சைக்கிளைப் பிடித்து நிறுத்தும். வழக்கத்தைவிட ஒன்றிரண்டு கியர் கனமாக வைத்து, இருக்கையை விட்டு எழாமல், நிமிடத்துக்கு 55 முதல் 60 சுற்று என்ற கணக்கில் 8 நிமிடம் மிதியுங்கள். 4 நிமிடம் லேசாக ஓட்டிவிட்டு மறுபடியும். மூன்று முறை போதும். குனியாதீர்கள், ஏற்றத்தில் நிமிர்ந்துதானே உட்காருவோம், காற்றும் நெஞ்சில் நன்றாக மோதும். நடுவில் மிதிப்பதை நிறுத்தவும் கூடாது. மலையில் சும்மா உருண்டுபோக வழியில்லை.

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் வீம்பு வேண்டாம், கியரை இளக்கிவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் போதும்.

காற்று ஓய்ந்த ஐப்பசியில் அதிகாலை மேம்பாலம்தான் கதி. பத்து முறை ஏறி இறங்குவேன். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதாக நினைத்து டீக்கடைக்காரர் ஒருநாள் விசாரிக்கவே வந்துவிட்டார்.